பின்னால் வருகிறவர்களுக்கு

14

நிலக்கரி மைன்ஸ் கேட்டில் செக்யூரிட்டி பழனிவேல் கையை நீட்டித் தடுத்தபோது காலை மணி ஐந்தே முக்கால்.

"பட்டை எங்க சைமா?"

சைமன்ராஜ் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான். ஆரஞ்சு நிற சேஃப்டி கோட்டு இருந்தது. அதில் நெஞ்சிலும் முதுகிலும் இருக்க வேண்டிய, வெளிச்சம் பட்டால் மின்னும் வெள்ளிப் பட்டைகள் இல்லை. அவை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல், புதுத்துணி நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"பிரிச்சிட்டேண்ணே."

"பிரிச்சியா? எதுக்கு?"

"வண்டிக்கு."

பழனிவேல் எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே சைமன்ராஜின் பைக் நின்றது. பின்சக்கர மட்கார்டில் பட்டை, சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் பட்டை, நம்பர் பிளேட்டைச் சுற்றிப் பட்டை. போதாததற்கு, சீட்டுக்குப் பின்னால் ஆள் உயரக் கம்பியில் ஒரு சிவப்புக் கொடி.

"கொடி வேறயா! எந்தச் சங்கத்துல சேந்த?"

"அது அப்பா கட்டுனதுண்ணே."

ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் சிரித்தார்கள். பழனிவேலும் சிரித்தார். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

"உள்ள டம்பர் லாரி ஓடுது. நீ இருட்டுல கரி போற பெல்ட்டுக்குக் கீழ நிப்ப. பட்டை இல்லாம உன்ன யாருக்குடா தெரியும்? வூட்டுக்குப் போ. நாளைக்கு ஒழுங்கா வா."

பாதுகாப்பு வேண்டும் என்று பட்டையைப் பிரித்தவனை, பாதுகாப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சைமன்ராஜுக்கு நடப்பதெல்லாம் எப்போதும் இந்த லட்சணத்தில்தான் நடக்கும்.

ஆரம்பத்திலிருந்து இந்தக் குடும்பத்தோடு பழகி வருகிறவர்களுக்கு அவன் ஏன் இப்படிச் செய்தான் என்று புரிந்திருக்கும். இன்றைக்குத்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

ஜூலை மாதம் ஒரு மாலை, மந்தாரக்குப்பத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு சைமன்ராஜும் மனைவி ரெஜினாவும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த டிப்பர் லாரி அவர்களை இடித்துத் தள்ளியது. பைக்கின் பின்விளக்கு எரியாமல் அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. ரெஜினா இரண்டு முறை சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் சைமன்ராஜ் ஒரே பதிலைத்தான் சொன்னான். "முன்னால எரியுதில்ல, போதும்."

அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ரெஜினாவின் அம்மா அன்னமேரி மகளை நேராகக் கம்மாபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கால் சரியாகும்வரை என்றுதான் பேச்சு. கால் அக்டோபரிலேயே சரியாகிவிட்டது. இது டிசம்பர்.

அவள் வரவில்லை. அவனும் வா என்று கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது?

போன வார முடிவில் வந்ததே ஒரு செய்தி, அதுதான் இப்போது சைமன்ராஜின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை ரெஜினாவின் தம்பி அலெக்ஸ் குட்டியானை வேன் பிடித்துக்கொண்டு வந்து, அவளுடைய தையல் மெஷினைக் கம்மாபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறான். மெஷினே போய்விட்டால், பிறகு எதைத் தேடி அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாள்?

இன்று சனிக்கிழமை.

* * *

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில், சைமன்ராஜின் அப்பா பவுல்ராஜ் ஜெனரல் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மைன்ஸில் ஜீப் டிரைவர். மே மாதம் ரிட்டயர்மென்ட். பெண்டாட்டியைப் பறிகொடுத்து ஆறு வருடம் ஆகிறது. மருமகள் இருந்தவரை வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருந்தது. இப்போது அப்பனும் மகனும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுகிறார்கள்.

"இன்னாடா திரும்பி வந்துட்ட?"

சைமன்ராஜ் சொன்னான்.

"அடப்பாவி. நான்தான் கொடி கட்டிக் குடுத்தேனே. மைன்ஸுக்குள்ள ஜீப்பு போச்சுன்னா கொடிதான் பேசும். டம்பர்காரன் மாடி மேல உக்காந்த மாதிரி உக்காந்துகினு இருப்பான், ஜீப்பு அவன் கண்ணுலயே படாது. கொடிதான் படும். முப்பத்திரெண்டு வருஷம் எனக்கு ஒண்ணும் ஆகல."

"கொடி பகல்ல தெரியும்பா. எங்கள இடிச்சது சாயங்காலம்."

பவுல்ராஜ் ஜன்னலோரம் இருந்த தையல் மெஷினைக் காட்டினார்.

"அந்த டிராயர்ல ரெஜினாம்மா ஒரு ரோல் பட்டையே வெச்சிருக்குமே. மகளிர் குழுவுல கோட்டு தைக்கக் குடுத்தது. அத எடுத்து ஒட்டியிருக்கலாமில்ல?"

"பூட்டியிருக்குப்பா."

"ஒரு ஸ்க்ரூ டிரைவர விட்டுத் திருகுனா திறக்காதா?"

"அவ பூட்டிட்டுப் போனது."

மெஷின்மேல் ரெஜினாவின் பழைய சேலை ஒன்று போர்த்தியிருந்தது. தினமும் காலையில் சைமன்ராஜ் அந்தச் சேலையை எடுத்துக் கரித்தூசியை உதறிவிட்டு மறுபடி போர்த்துவான். ஊசிக்குக் கீழே, ஜூலையில் அவள் பாதி தைத்து விட்டுப்போன தலையணை உறை அப்படியே இருந்தது. அதை அவன் நகர்த்தியதில்லை. அதை எடுத்துவிட்டால் அவள் எழுந்து போய்விட்டாள் என்று ஆகிவிடும். இருக்கும்வரை, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து உட்காரப்போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். முப்பத்துநாலு வயது ஆணுக்கு இது பைத்தியக்காரத்தனம்தான். ஏக்கம் வந்தவனுக்கு வேறு என்ன வேலை?

பவுல்ராஜ் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"நாளைக்கு ஷிஃப்டுக்குப் பட்டை வேணும். பட்டை டிராயர்ல இருக்குது. சாவி கம்மாபுரத்துல இருக்குது. போய்க் கேளு. சாவிய கேக்கறதுக்குமா வாய் வராது?"

* * *

தயங்கித் தயங்கி, சாயங்காலம் நாலு மணிக்குக் கம்மாபுரத்தில் பைக்கை நிறுத்தியதும் முதலில் வந்தவர் அன்னமேரி.

"வாங்க மாப்ள. கொடியும் கையுமா வந்திருக்கீங்க. எலக்சனா?"

"இல்ல அத்தை. அப்பா கட்டுனது."

"சம்பந்திக்கு வேற வேலையில்ல." குரலில் பழைய கோபம் இருந்தது. ஆனாலும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ரெஜினா! ஆளு வந்திருக்குது."

ரெஜினா வந்தாள். வலது காலை ஊன்றும்போது சின்னதாக ஒரு தயக்கம். மற்றபடி அதே ரெஜினா. கழுத்தில் தொங்கும் அளவு டேப், சுரிதார் முனையில் குத்தியிருக்கும் ஊசி. சைமன்ராஜ் ஐந்து மாதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை.

"சாப்டீங்களா?" என்றாள்.

"ம். கால் எப்படி?"

"இருக்குது."

போனில் பேசுகிற அதே நாலு வார்த்தை. அவ்வளவுதான் முடிந்துவிடும் போலிருந்தது. நல்லவேளை, அவள் பார்வை பைக்கின் பின்பக்கம் போனது.

மெதுவாகச் சுற்றி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை நீட்டியபடி உட்கார்ந்தாள். பின்விளக்கில் புதுப் பல்பு. பிரேக்கை அழுத்தச் சொல்லிப் பார்த்தாள், பளிச்சென்று எரிந்தது. பிறகு விரலை மட்கார்டுப் பட்டையின் ஓரத்தில் ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே போனவள் நின்றுவிட்டாள்.

பட்டையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஊசித் துளைகள்.

"இது என் தையல்."

சைமன்ராஜ் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"இது உங்க கோட்டுல நான் தச்சது. ரெட்டைத் தையல். கடையில வாங்குனதுல ஏது ஓட்டை?"

"கடையில வாங்கி ஒட்டுனேன் ரெஜி. ரெண்டு தடவ தண்ணி பட்டதும் உரிஞ்சிகினு வந்துடுச்சு. நீ தச்சது ரெண்டு வருஷமா தோய்க்கறேன், கரியில பொரள்றேன், பளபளப்பு போவல. அதான் பிரிச்சி, பஞ்சர் கடையில சொல்யூஷன் வாங்கி ஒட்டுனேன்."

"கோட்டு எங்க?"

அவன் வண்டிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் விரித்துப் பார்த்தாள். பட்டை இல்லாத கோட்டு, வெறும் துணி.

"இதப் போட்டுகினு மைன்ஸுக்குள்ள போனீங்களா?"

"விடல. கேட்லயே திருப்பிட்டாங்க."

"விட்டிருந்தா?" ரெஜினாவின் குரல் ஏறியது. "விட்டிருந்தா போயிருப்பீங்க! வண்டி தெரியணும்னு ஆள மறைச்சிட்டீங்களே. உங்களுக்கு எது முக்கியம், எது இல்லன்னு ஒரு நாளும் தெரியாதா?"

அன்னமேரி வாசலில் வந்து நின்றார். ரெஜினா அவரைக் கவனிக்கவில்லை. ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"கால் உடைஞ்சதுக்கு நான் கோவிச்சுகினு இல்ல. லாரிக்காரன் இடிச்சான், உடைஞ்சுது. ரெண்டு தடவ சொன்னேனே, நீங்க இன்னா சொன்னீங்க? முன்னால எரியுதில்ல, போதும்னீங்க. முன்னால எரியறது உங்களுக்குங்க. பின்னால எரியறது எனக்கு. நான்தான அங்க உக்காந்துகினு இருந்தேன்?"

சைமன்ராஜுக்குக் கண் நிறைந்தது. மாமியார் பார்த்தால் பார்க்கட்டும் என்று துடைக்காமல் நின்றான்.

"தப்புதான் ரெஜி," என்றான். இந்த இரண்டு வார்த்தைக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

அவள் சுரிதார் ஷாலால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டிராயர்ல ரோல் இருக்குதே. அத எடுக்கறதுதானே?"

"பூட்டியிருக்குது. உடைக்க மனசு வரல. சாவிய குடு, போதும். நானே எடுத்துக்கறேன்."

"நீங்க எடுத்து? நீங்களே தைப்பீங்களா?"

ரெஜினா உள்ளே போனாள். பர்ஸோடு வெளியே வந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றார் அன்னமேரி. "அந்த வண்டியிலயா?"

"வண்டியில இல்லம்மா. நாலே முக்கால் பஸ்ல." சைமன்ராஜ் பக்கம் திரும்பினாள். "பஸ் கிளம்புனதும் நீங்க முன்னால போங்க. நான் பின்னால வந்து பாக்கறேன். நெசமாவே தெரியுதா இல்லையான்னு."

* * *

பஸ் டிரைவர் பெரியண்ணனுக்கு விஷயம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. டிரைவருக்குப் பக்கத்து நீள சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் கண்ணைக் கொட்டாமல் முன்னால் போகிற பைக்கையே பார்த்துக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் தெரியாது?

"உங்க வூட்டுக்காரராம்மா? சண்டையா?"

"இல்லண்ணே. லைட்டு சரியா தெரியுதான்னு பாக்கறேன்."

"தெரியுதாவா? கல்யாண வீடு போவுது!"

டிசம்பர் மாதத்துப் பொழுது, ஐந்தரைக்கே மங்கிவிட்டது. பெரியண்ணன் ஹெட்லைட்டைப் போட்டதும், தூரத்தில் பட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்தன. நடுவில் சிவப்பு.

ரெஜினா அவனைப் பின்னாலிருந்து பார்த்ததே இல்லை. கல்யாணமாகி நாலு வருடமும் அவள் அந்த முதுகை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். ஒட்டி உட்கார்ந்தால் முதுகு தெரியாது, சூடுதான் தெரியும். இப்போது பார்த்தாள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இளைத்திருந்தான். சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு உட்காருகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

எழுந்து ஓடிப் போய் அந்த இடத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கால் மட்டும் மரத்துப்போய்க் கிடந்தது.

மந்தாரக்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டிப்பர் லாரி பஸ்ஸை ஒதுக்கி முந்திக்கொண்டு போனது. பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில் புகுந்தது. பைக் மறைந்துவிட்டது. சிவப்பு இல்லை, வெள்ளை இல்லை. லாரியின் முதுகு மட்டும்தான்.

ரெஜினா எழுந்து நின்றுவிட்டாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே! அண்ணே!" என்றாள்.

லாரியின் பிரேக் விளக்குகள் எரிந்தன. வேகம் குறைந்தது. ஒதுங்கி, நிறைய இடம் விட்டு, மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனது. பைக் முன்பு போலவே முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"உக்காரும்மா," என்றார் பெரியண்ணன். "அவன் பாத்துட்டான். பாத்துதான் பிரேக் அடிச்சான்."

ரெஜினா உட்கார்ந்து, பட்டையில்லாத கோட்டை மடியில் வைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

* * *

குவார்ட்டர்ஸ் வாசலில் மருமகளைப் பார்த்த பவுல்ராஜ் கையில் இருந்த டீயைக் கீழே வைக்க இடம் தேடினார். "வாம்மா, வாம்மா," என்று நாலு தடவை சொன்னார்.

"சுகர் மாத்திரை போட்டீங்களா மாமா?"

"போட்டேம்மா." போடவில்லை. போய்ப் போட்டுக்கொண்டார்.

ரெஜினா சேலையை எடுத்தாள். ஊசிக்குக் கீழே இருந்த தலையணை உறையைப் பார்த்தாள்.

"இதக்கூடவா எடுக்கல?"

"நீ விட்டது," என்றான் சைமன்ராஜ்.

அவள் அதை எடுத்து ஓரமாக வைத்தாள். பர்ஸிலிருந்த சாவியால் டிராயரைத் திறந்து ரோலை எடுத்தாள். வலது காலை மிதியில் வைத்து, பிறகு இடது காலுக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் மெஷின் சத்தம் கேட்டது. அப்பனும் மகனும் ஏதோ கச்சேரி கேட்பவர்கள்போல் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

கோட்டை முடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தலையணை உறையை மறுபடி எடுத்தாள். விட்ட இடம் பார்த்து ஊசிக்குக் கீழே வைத்து, மெஷினின் அழுத்துப் பாதத்தை இறக்கினாள். ஒரு தையல்கூடப் போடவில்லை.

"ஏழே முக்கால் பஸ்ஸுக்குப் போறேன்," என்றாள்.

பவுல்ராஜின் முகம் விழுந்துவிட்டது. "இருந்துட்டுப் போயேன்மா."

"பஸ்ல வந்து பஸ்ல போறவளா நான் இந்த வூட்டுக்கு வர மாட்டேன் மாமா. விழுந்த வண்டியிலயே ஏறி வரணும். மனசு ஏறிடுச்சு. கால் ஏற மாட்டேங்குது." கணவனைப் பார்த்தாள். "எப்பன்னு கேக்காதீங்க."

அவன் கேட்கவில்லை. திங்கட்கிழமை என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதையும் கேட்கவில்லை.

* * *

ஸ்டாப்பில் அதே பஸ்தான் வந்தது. ரெஜினா ஏறினாள். பஸ் நகர்ந்தது. இரண்டு அடி நகர்வதற்குள் சைமன்ராஜ் ஓடிப்போய் டிரைவர் கதவைத் தட்டினான்.

"அண்ணே, உங்க பஸ்ஸுல பின்னால ஒரு லைட்டும் எரியல."

"பல்பு போயிருக்கும் தம்பி," என்றார் பெரியண்ணன் சாவகாசமாக. "நாளைக்குப் பாத்துக்கலாம். முன்னால ரெண்டும் எரியுதில்ல?"

சைமன்ராஜ் அப்படியே நின்றான். அவனுடைய வார்த்தையை யாரோ எடுத்து அவன் கன்னத்திலேயே அறைந்ததுபோல் இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

அவன் அடுத்து யோசிக்கவில்லை. புதுப்பட்டை தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டான். அவளோடு ஸ்டாப்புவரை தள்ளிக்கொண்டு வந்திருந்த பைக்கை எடுத்தான். பஸ்ஸை முந்தவில்லை. விளக்கில்லாத அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே, இத்தனை கெஜம் என்று அளந்தாற்போல் இடைவெளி விட்டு, பட்டையும் சிவப்பு விளக்கும் கொடியுமாகப் போனான். பின்னால் வந்த லாரிகளும் கார்களும் அவனைப் பார்த்து ஒதுங்கின. அவனைப் பார்த்ததால் பஸ்ஸையும் பார்த்தன.

மந்தாரக்குப்பம் தாண்டியதும், பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு முகம் வந்து உட்கார்ந்தது. பின்கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கம்மாபுரம் வரும்வரை அது அங்கேயே இருந்தது.

இறங்கியதும் ரெஜினா அவனிடம் வந்தாள்.

"வழி பூரா லைட்ட கண்ணுல அடிச்சிகினே வந்தீங்க."

"டிம் பண்ணித்தான வந்தேன்."

"தெரியும்." சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவன் பார்த்த முதல் சிரிப்பு. "திரும்பிப் போவயில உங்க பின்னால யாரு வருவா?"

"யாரும் வர வேணாம். எல்லாருக்கும் தெரியும்."

அவள் பின்சீட்டின்மேல் கையை வைத்தாள். எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கையைத்தான் வைத்தாள். அவனுக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

"டிராயர பூட்டல," என்றாள். "சாவி அதுலயே இருக்குது. போங்க. காலைல ஆறு மணி ஷிஃப்டு."

அவன் கிளம்பினான். ரெஜினா ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி அவளைத் தாண்டி அவன் பின்னால் போனது, ஒரு கார் போனது. ஒவ்வொரு வெளிச்சத்திலும் முதுகுப் பட்டை ஒரு முறை பளிச்சிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து அலெக்ஸ் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, குட்டியானைக்காரனுக்குத் திங்கக்கிழமை வேற லோடு இருக்குதாம். நாளைக்குக் காலைலயே வந்துடறேன்றான். ஆறரைக்கு அங்க போயிட்டா மெஷின ஏத்திகினு வந்துடலாம். வரச் சொல்லிடவா?"

நாளைக் காலை ஆறரைக்குச் சைமன்ராஜ் மைன்ஸுக்குள் இருப்பான். வீட்டில் மாமா மட்டும்தான்.

"அக்கா, லைன்ல இருக்கான். என்ன சொல்ல?"

ரெஜினா திரும்பவில்லை. ரோட்டின் கடைசியில், அந்தச் சிவப்பு இன்னும் தெரிந்துகொண்டிருந்தது.